ஜாப் ஒண்ணுதான், கத்துக்கிட்டது ஒண்ணில்ல

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி வரைக்கும் கேக்குதா? சரி. இங்க முக்கால்வாசிப் பேரு ஐடிஐ இன்ஸ்ட்ரக்டருங்க, அதனால சுத்தி வளைக்காம நேரா லேத்ல இரும்பு கடையக் கத்துக்குடுக்கிற டர்னர் ஷாப்புக்கே வந்துடறேன்.

ஒரு பேட்ச்ல டக்குனு புடிச்சிக்கிற பையனும் இருப்பான், மெதுவா புடிக்கிறவனும் இருப்பான். கையால ஓட்டுற கன்வென்ஷனல் லேத்ல விட்டா கொஞ்ச நேரத்துல நமக்கே தெரிஞ்சிடும், ஒருத்தன் டூல் கத்துற சத்தத்தை வச்சே ஸ்பீடைக் குறைப்பான், இன்னொருத்தன் ஜாப் மேல, அதான் கடையற துண்டு மேல, வரிவரியா விழுந்தப்புறம்தான் முழிப்பான். அதே ரெண்டு பேரையும் கம்ப்யூட்டரே ஓட்டுற சிஎன்சி லேத்ல விடுங்க, புரோகிராம் ஏத்தியாச்சு, சைக்கிள் ஸ்டார்ட் அமுக்குனா 25 எம்எம் ஷாஃப்ட் ரெண்டு பேருகிட்டயும் ஒரே மாதிரி வெளிய வருது, நாமளும் ஒரே மார்க்கைப் போட்டுட்டுப் போயிடறோம்!

டூல் முனையில வெட்டுற இன்செர்ட் தேயும்போதுதான் சங்கதி வெளிய வரும். மைக்ரோமீட்டர் 25.04 காட்டுது. தேய்மானத்தைச் சரிக்கட்டுற வேர் ஆஃப்செட்ல, விட்டத்துக்கான எக்ஸுக்கு மைனஸ் 0.04 குடுக்கணும், அவ்ளோதான். ஒருத்தன் பிளஸ்ல போட்டுட்டு 25.08 வந்ததும் மெஷின் ரிப்பேருங்கறான். அவனை மக்குன்னு திட்டாதீங்க சார், டூல் உள்ள போனா விட்டம் குறையும்னு அவன் கையால ஹேண்டில் சுத்திப் பாத்ததே இல்ல.

பைலட்டுங்களுக்கே இந்தக் கதிதான். 2009 ஜூன் 1, ரியோலேருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447, வேகத்தை அளக்குற பிட்டாட் குழாய்ல ஐஸ் அடைச்சு வேகம் தப்பாக் காட்டவும் ஆட்டோபைலட் கழண்டுக்குச்சு, கையால ஓட்ட வேண்டிய நேரத்துல மூக்கைத் தூக்கித் தூக்கி ஸ்டால் ஆகி, அதாவது றெக்கை தாங்குற சக்தி போயி, கடல்ல விழுந்துச்சு, 228 பேரும் போயிட்டாங்க. அந்த உயரத்துல கையால ஓட்டுற பயிற்சி கோ-பைலட்டுங்களுக்கு இல்லன்னு விசாரணை அறிக்கையே சொல்லுச்சு.

2023-ல டாடா டெக்னாலஜிஸோட சேந்து நம்ம தமிழ்நாட்டுல 71 அரசு ஐடிஐல புது மெஷினெல்லாம் வந்துச்சு, சந்தோஷம், நான் மெஷினை வேணாங்கல. நாம பசங்களைப் பிரிக்கிற விதம்தான் எனக்கு உறுத்துது. சூட்டிகையானவனுக்கு மெஷின் செட்டிங் வேலை, மெதுவானவன்கிட்ட "நீ ஜாப் மாட்டிக் கழட்டுப்பா". அப்புறம் கம்பெனியும் அவனை அங்கயேதான் நிறுத்தும். அவனுக்குத்தான் கன்வென்ஷனல் லேத் இன்னும் கூடுதல் நாள் வேணும். சூட்டிகையானவன் கையில ஒவ்வொரு ஸ்டெப்பும் எழுதுன சீட்டைத் திணிச்சா அவன் கொட்டாவிதான் விடுவான், சீட்டைப் புடுங்கிட்டு டிராயிங்கை மட்டும் குடுங்க.

அடுத்த பிராக்டிகல்ல வேணும்னே ஒரு தேஞ்ச இன்செர்ட்டை மாட்டி வைங்க, அதைக் கண்டுபுடிக்கிறதுக்குத் தனியா மார்க் வைங்க. கேள்வி இருந்தா கேக்கலாம்... அந்தக் கடைசி வரிசை சார், சொல்லுங்க.