மொச்சை காயா, பயறா?

(வேளாண் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பயிர்க் கணக்கெடுப்பு என்றால் என்ன என்று எனக்கு முதலில் புரியவைத்தவர் ஒரு பாட்டி. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டைப் பக்கம், நான் கணக்கெடுக்கப் போன ஒரு கேழ்வரகுக் கொல்லை. அந்தப் பகுதியில் ராகியை மட்டும் தனியாக விதைப்பது குறைவு. எட்டு சால், அதாவது எட்டு வரிசை, ராகி போனால் ஒரு சால் மொச்சை வரும். கொல்லையைச் சுற்றி ஓரத்தில் ஆமணக்கு நிற்கும். நான் வரப்பில் நின்றபடியே 'கேழ்வரகு, 1 ஏக்கர்' என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

"அவ்வளவுதானா தம்பி? மொச்சைய எழுதலியா?" என்றார் பாட்டி.

எழுதலாம்தான். ஆனால் எந்தத் தலைப்பின் கீழ்? காய்கறியா, பயறு வகையா? அவரிடமே கேட்டேன். ஒரு காயைப் பறித்து என் கையில் வைத்தார். பச்சைக் காய், தொட்டால் லேசான பிசுபிசுப்பு, விரலை முகர்ந்தால் மொச்சைக்கே உள்ள எண்ணெய் வாசனை. "சந்தையில விலை இருந்தா இப்பவே பறிச்சிருவேன். இல்லேன்னா காய விட்டு அடிச்சு வெச்சுக்குவேன்" என்றார்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ., 2010-ஐ ஒட்டி நாடுகள் நடத்திய வேளாண் கணக்கெடுப்புச் சுற்றுக்காக ஒரு பயிர் வகைப்பாட்டை வெளியிட்டது. தானியம், காய்கறி, பழம், எண்ணெய்வித்து, கிழங்கு, வாசனைப் பயிர், பயறு, சர்க்கரைப் பயிர், மற்றவை என்று ஒன்பது பெருங்குழுக்கள். அதைப் பின்னாளில் படித்தபோது அசந்துபோனேன். பாட்டி சொன்னதுதான் அதில் விதியாகவே இருக்கிறது. பச்சையாகப் பறித்தால் காய்கறிக் குழு, காயவிட்டு மணியாக எடுத்தால் பயறுக் குழு. மிளகாயும் அப்படித்தான்: பச்சை மிளகாய் காய்கறி, வற்றல் மிளகாய் வாசனைப் பொருள். மக்காச்சோளத்தைப் பாலேறிய கதிராக ஒடித்தால் காய்கறி, முற்றவிட்டால் தானியம். நிலக்கடலை தாவரவியலில் அவரைக் குடும்பம், ஆனால் கணக்கில் எண்ணெய்வித்து. செடி எந்தக் குடும்பம் என்பதைவிட, மனிதர் அதை எதற்காக வளர்க்கிறார் என்பதுதான் இங்கே முக்கியம். வரப்பில் நின்று செடியைப் பார்த்தால் இது தெரியாது. கொல்லைக்காரரிடம் பேசினால்தான் தெரியும்.

அடுத்த சிக்கல் பரப்பு. ஒரு ஏக்கரில் ராகியும் மொச்சையும் இருந்தால் ஆளுக்கொரு ஏக்கர் என்று எழுத முடியாது. இல்லாத நிலம் ஒரு ஏக்கர் காகிதத்தில் முளைத்துவிடும். மொச்சையை விட்டுவிட்டால் அந்த வீட்டின் குழம்பும் சந்தைக் காசும் கணக்கில் காணாமல் போகும். சால் எண்ணிக்கையை வைத்தோ, விதை அளவை வைத்தோ பிரித்துத்தான் எழுத வேண்டும். இதற்குக் கொல்லைக்குள் இறங்கி நடக்க வேண்டும், வேறு வழியில்லை. ஒரே நிலத்தில் குறுவை நெல்லை அறுத்துவிட்டு அடுத்த போகமாகத் தாளடி நெல் நட்டால் கதை வேறு. அங்கே மொத்த சாகுபடிப் பரப்பில் இரண்டு முறையும், நிகரப் பரப்பில் ஒரே முறையும் வரும். நம் கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கல் ஜூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டுக்கு எழுதப்படுவதால் இந்தக் கணக்கு ஓரளவு ஒழுங்காக நிற்கிறது.

ஆண்டுப் பயிரா, நிரந்தரப் பயிரா என்ற கேள்வியும் அவ்வளவு லேசானதல்ல. வாழை தார் வெட்டியதும் சாய்ந்துவிடும், ஆனால் பக்கக்கன்று தொடர்கிறது. அதனால் உலகப் பட்டியலில் அது நிரந்தரப் பயிர். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 செடிமுருங்கை விதை போட்ட ஆறாவது மாதம் காய்க்கிறது, கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் இன்னும் இரண்டு மூன்று வருடம் நிற்கிறது. மர முருங்கையோடு அதைச் சேர்த்து எழுதினால் விளைச்சல் கணக்கு தடுமாறும்.

ஆனால் என்னை இன்றும் வருத்துவது 'இதர' என்ற கட்டம்தான். சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு எல்லாம் ருசியிலும் வயதிலும் வேறு வேறு பயிர்கள். நம் புள்ளிவிவர அட்டவணைகள் பலவற்றில் இவை சிறுதானியங்கள் என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடும். எஃப்.ஏ.ஓ.வின் உலக அட்டவணையில் கம்பும் கேழ்வரகும்கூட இவற்றோடு சேர்ந்து ஒரே எண். ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிறவருக்கு அந்த எண்ணில் இடமே இல்லை. தனிப் பரப்பு தெரியாத பயிருக்கு எவ்வளவு விதை ஒதுக்குவது? பயிர்க் காப்பீடு அறிவிக்கை செய்யப்பட்ட பயிருக்குத்தான் உண்டு. அதற்கான விளைச்சலைப் பெரும்பாலும் அறுவடைச் சோதனையில் எடுக்கிறார்கள். நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி அறுத்து எடை போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயரே இல்லாத பயிருக்கு யார் போய்ச் சதுரம் கட்டுவார்கள்?

பெயருக்கு எவ்வளவு பலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கோர்ஸ் சீரியல்ஸ்' என்று, ஏதோ மட்டமான தானியம்போல இவற்றை அழைத்து வந்தோம். 2018 ஏப்ரலில் மத்திய அரசு இவற்றை ஊட்டச்சத்துத் தானியங்கள் என்று அறிவித்தது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே மண்ணும் அதே சாமையும்தான். தலைப்பு மாறியதும் பார்க்கிற கண் மாறியது.

இப்போது கணக்கெடுப்பு கைப்பேசிக்கு வந்துவிட்டது. செயலியில் பயிர்ப் பட்டியல் விரியும், தொட்டால் போதும். சரி, வேகம் நல்லதுதான். ஆனால் கொல்லையில் நிற்கும் பயிர் பட்டியலில் இல்லாதபோது பக்கத்தில் இருக்கும் பெயரைத் தொட்டுவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் அதை என்ன பெயரில் அழைக்கிறார்கள், எந்த மாதம் விதைக்கிறார்கள், காயாக எடுக்கிறார்களா மணியாகவா என்று கேட்டு எழுதி மேலே அனுப்புங்கள். அப்புறம், இந்த விடுமுறையில் சொந்த ஊருக்குப் போனால் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைக் கேட்டுப் பாருங்கள். 'இதர' என்று இருக்கிற சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு நேரே அந்தக் கொல்லைகளுக்கே போங்கள். அங்கே என்ன நிற்கிறது என்று எனக்குக் கடிதம் போடுங்கள். காத்திருப்பேன்.