தண்ணீர்ப் பந்தலில் தண்ணீர் கொடுப்போம்

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் மருத்துவர்களும் கோயில் நிர்வாகத்தினரும் கூடிய கூட்டத்தில் பேசியது)

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அறங்காவலர்களே, மாநகர் மன்ற உறுப்பினர் அவர்களே, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்திருக்கும் மூத்த மருத்துவர்களே, தாதியரே, தாய்மார்களே, வணக்கம். மண்டபம் கொடுத்த சங்கத்தாருக்கும், பின்கட்டில் நமக்காகச் சமைத்துக்கொண்டிருக்கும் மகளிர் பிரிவினருக்கும் என் நன்றி.

கொசு, புகை, சீனி மூன்றைப் பற்றியும் பேச ஒப்புக்கொண்டேன். மூன்றுக்கும் ஒரே பழமொழிதான்: வெள்ளம் வருமுன் அணை போடு. இனிப்புநீர், அதாவது நீரிழிவு உள்ளவர்கள் கால் விரல் கறுத்த பிறகுதான் கிளினிக்குக்கு வருகிறார்கள். அங்கே அணை போட முடியாது. மன்றத்திலும் சட்டத்திலும்தான் போட முடியும்.

நம் ஊர் மருத்துவர் ஒருவர் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்தார். வூ லியன் தே, 1879இல் பினாங்கில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி, நம் சூலியா தெருவில் வைத்தியம் பார்த்தார். மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் சௌகரியமாக வாழ்ந்திருப்பார். அபினை எதிர்த்துக் கிளம்பினார். அன்றைய காலனி அரசாங்கத்தின் கஜானாவை நிரப்பியதே அபின்தான். யாரோடு மோதினார் என்று யோசித்துப் பாருங்கள்! 1906இல் ஈப்போவில் மாநாடு கூட்டினார். அடுத்த ஆண்டே அவருடைய மருந்தகத்தைச் சோதனை போட்டார்கள். நோயாளிகளுக்காக வைத்திருந்த ஒரு அவுன்ஸ் அபின் கரைசல் அகப்பட்டது. அபினை ஒழிக்கச் சொன்னவர் மீதே அபின் வழக்கு, அபராதம்! சீனாவுக்குப் போனார். 1910 கடைசியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக். ஹார்பினில் இறங்கி, எல்லாரையும் துணி முகக்கவசம் போட வைத்தார். பிணங்களை எரிக்கப் பேரரசின் ஆணையே வாங்கினார். சில மாதங்களில் நோய் அடங்கியது. அந்த ஆணையை எந்த மருந்துச் சீட்டில் எழுதியிருக்க முடியும்?

சரி, சீனிக்கு வருகிறேன். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடம்தான் அதிகம். அரசாங்கம் 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 2025இல் அது 90 சென் ஆனது. நல்ல அணை. ஆனால் ஆலையில் அடைத்து வரும் பானத்துக்குத்தான் அந்த வரி. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் பந்தல் போட்டு நாம் ஊற்றிக்கொடுக்கும் சீனிச் சிரப்புக்கு எந்த வரியும் கிடையாது. புண்ணியம் என்று நினைத்துத்தான் கொடுக்கிறோம். வெயிலில் நடந்து வரும் பாட்டி, மாத்திரை போடுகிறவர், நாலு பந்தலில் நாலு கோப்பை வாங்கிக் குடிக்கிறார். வேண்டாம் என்று சொன்னால் மரியாதையில்லை என்று நினைக்கிறார். வெள்ளம் வருமுன் அணை போடுங்கள் என்று நான் கெஞ்சுவது அவருக்காகத்தான்.

அறங்காவலர்களே, ஒவ்வொரு பந்தலிலும் முதல் மேசையில் வெறும் தண்ணீரும் சீனி போடாத மோரும் இருக்க வேண்டும். பந்தலுக்கு இடம் ஒதுக்கும்போதே அதை நிபந்தனையாக எழுதுங்கள். அந்த நிபந்தனையை எழுத ஒரு மருத்துவர் உங்கள் குழுவில் உட்கார வேண்டும். கொசுவுக்கும் புகைக்கும் இன்று நேரமில்லை. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மருத்துவர்கள் எந்தக் கோயில் குழுவில் சேரத் தயார் என்று எழுதிவிட்டு, அப்புறம் சாப்பிடப் போங்கள்.