எத்தனை வீடு ஏறினால் போதும்?

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஆய்வு மாணவர்களிடையே பேசியது)

மேடையேறும் முன் ஒரு மாணவி கேட்டார்: "ஐயா, வீடு வீடாகக் கேட்கும் ஆய்வுக்கு மாதிரியாக 385 வீடு எடுத்தால் போதும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, நானும் அத்தனை வீடு எடுத்தால் போதுமா?"

முதலில் தேங்காய்க் களத்துக்கு வாருங்கள் அம்மா. வியாபாரி மேலே கிடப்பதைத் தொடமாட்டார். குவியலுக்குள் முழங்கை வரை கைவிட்டு ஒரு காயை உருவி, காதருகே குலுக்குவார். ஒரே தோப்புக் காய் என்றால் ஐந்தாறு பார்த்ததுமே விலை பேசிவிடுவார். நெட்டையும் ஒட்டுரகமும் கலந்து கிடந்தால் இருபது உருவியும் முகம் தெளியாது. குவியல் எவ்வளவு பெரியது என்பது அவருக்கு இரண்டாம்பட்சம்.

385-க்கும் அதுதான் கணக்கு. எத்தனை பேர் 'ஆம்' என்பார்கள் என்ற விகிதம் தெரியாதபோது பாதிக்குப் பாதி என்று வைக்கிறோம். வேறுபாடு அங்கேதான் உச்சம். 95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை வரம்பு: அதாவது நூறு முறை இப்படி எடுத்தால் ஏறக்குறைய 95 முறை விடை உண்மையிலிருந்து ஐந்து புள்ளிக்குள் நிற்கும். 95 சதவீத நம்பகத்துக்கு உரிய எண் 1.96. அதன் வர்க்கத்தைப் பாதிக்குப் பாதியின் பெருக்கமான 0.25-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16, முழு வீடாக 385. ஊரில் மொத்தம் லட்சம் வீடு இருந்தாலும் 383 வேண்டும். ஆயிரமே இருந்தால் 278. பிழையைப் பாதியாக்க ஆசைப்பட்டால் 1,537. பஸ் செலவு உங்களுடையது!

இதெல்லாம் சீட்டுக் குலுக்கிப்போட்டு வீடுகளை எடுத்தால்தான் செல்லும். நீங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர்மட்டம் கேட்கப் போகிறீர்கள். எருத்தேம்பதி, வடகரப்பதி வறண்ட பக்கம். சித்தூர்ப் பக்கம் வாய்க்கால் பாய்கிறது. இரண்டையும் தனித்தனியே பிரித்து எடுங்கள். ஒரே தெருவில் நாற்பது வீட்டை எழுதினால் அது நாற்பது ஆகாது, எல்லாரும் ஒரே ஊற்றைத்தான் இறைக்கிறார்கள்.

எண்ணிக்கை மட்டும் பெரிதானால் போதாது. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் யாருக்கு வாக்கு என்று கேட்டு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடி அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிச் சென்றார். பெயர்கள் பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியலிலிருந்து வந்தவை. பதில் போடாதவர்களும் போட்டவர்களைப் போன்றவர்கள் அல்லர்.

நம் ஊரில் பதில் போடாதவர் யார்? பூட்டிய வீடுகள். ஐந்தில் ஒன்று பூட்டியிருக்கும் என்று 385-க்குப் பதில் 482 வீடு குறித்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் பகலில் பூட்டுகிறவர்கள் கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்குப் பதில் பக்கத்து வீட்டை எழுதிவிடாதீர்கள். மாலை ஏழு மணிக்கு மறுபடி போய்க் கதவைத் தட்டுங்கள்.