ரசவாதத்தைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே கொண்டுவருவோம்

வட ஆற்காட்டு நேயர்களுக்கு வணக்கம்.

ரசவாதக் கண்காட்சி, அதாவது மட்டமான உலோகத்தைப் பொன்னாக்க முயன்ற பழங்கலையின் கண்காட்சி என்றதும் ஓர் ஓலைச்சுவடி, இரண்டு மூசை (உலோகம் உருக்கும் மண்குடுவை), ஒரு கல்வம் (மருந்து அரைக்கும் குழிக்கல்), சுவரில் சித்தர் போகர் படம் என்றுதான் மனதில் தோன்றும். இவற்றைப் பெட்டிக்குள் வைத்து விளக்க அட்டை மாட்டினால், வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ரசவாதம் கைவேலை. சூடு, எடை, வாசனை, நிறமாற்றம் இவைதான் அதன் உயிர். அதனால் கண்காட்சிக்குச் செலவிடுவதில் பாதியையாவது கூடவே நடத்தும் செயல்முறை நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேலூரில் இடம் என்றால் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகம் நினைவுக்கு வரும். கோட்டையோ மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அங்கே வறட்டி அடுக்கிப் புடம் போட, அதாவது பொருளை மண்கலத்தில் மூடி நெருப்பில் வேகவைக்க, நினைக்கவே கூடாது. நெருப்பு வேலையைப் பள்ளி ஆய்வகத்துக்கு மாற்றிவிட்டு, தண்ணீரும் தராசும் போதும் என்கிற வேலைகளை மட்டும் அருங்காட்சியகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பாதரசம். ரசவாதத்துக்கே பெயர் தந்த பொருள் என்றாலும், நிகழ்ச்சி மேசைக்கு அது வரவே கூடாது. பாதரசம் கொதிப்பது 357 டிகிரியில். ஆனால் சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும், அந்த ஆவிக்கு வாசனையும் இல்லை. 20 டிகிரியில் இருப்பதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆவி அழுத்தம் 40 டிகிரியில் வந்துவிடும். வேலூர் மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கனத்தை உணர்த்த வேறு வழி உண்டு. 6.8 கிலோ அரிசியை ஒரு பையில் கட்டி, பக்கத்தில் ஒரு காலி அரை லிட்டர் பாட்டிலை வையுங்கள். ‘இந்த பாட்டில் நிறைய பாதரசம் இருந்தால் இந்தப் பையின் எடை’ என்று சொல்லிக் குழந்தைகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது இரும்பு ‘செம்பாகும்’ காட்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரையுங்கள். ஆணியை உப்புத்தாளால் தேய்த்துக் கழுவி அரை நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் ஏறியிருக்கும். சொதப்பும் இடங்கள் மூன்று. துத்தநாகம் (ஜிங்க்) பூசிய ஆணியில் கறுப்பாகப் படியும். எவர்சில்வரில் ஒன்றும் படியாது. கரைசல் அடர்த்தியாக இருந்தாலோ அதிக நேரம் ஊறினாலோ, படிந்த செம்பு துகளாக உதிர்ந்துவிடும். இரும்பே செம்பாக மாறியது என்று பழங்காலத்தில் நம்பியவர்களை முட்டாள்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஒரு பிடி இரும்புத்தூளைக் கரைசலில் போட்டு மறுநாள் வரை வைத்துக் காட்டுங்கள். நீல நிறம் வெளிறி இளம்பச்சை ஆகியிருக்கும். செம்பு நீருக்குள்ளிருந்துதான் வந்தது, இரும்பு நீருக்குள் போனது என்பது அப்போது யாரும் சொல்லாமலே புரியும்.

கூட்டத்தை இழுப்பது தங்கக் காட்சிதான். 100 மில்லி தண்ணீரில் 28 கிராம் ஜிங்க் சல்பேட்டைக் கரைத்து, 5 கிராம் துத்தநாகத் துண்டுகளைப் போட்டுக் கொதிநிலைக்குப் பக்கத்தில் வையுங்கள். சுத்தம் செய்த செம்புத் தகடு அந்தத் துண்டுகளைத் தொட்டபடி கிடந்தால் சில நிமிடங்களில் வெள்ளிபோல் ஆகும். தொடாவிட்டால் ஒன்றும் நடக்காது. பெரும்பாலும் தோல்விக்குக் காரணம் இதுதான். எடுத்துக் கழுவித் துடைத்து மின்தட்டில் சூடாக்கினால் வெள்ளை மறைந்து பொன்னிறம் வரும்; அது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைதான். வந்த உடனே தண்ணீரில் போட வேண்டும். இன்னும் சில வினாடி விட்டால் துத்தநாகம் உள்ளே ஊடுருவிச் செம்பு நிறமே திரும்பிவிடும். துத்தநாகத்தைத் தூளாக வாங்காதீர்கள். ஈரத்தூள் காயும்போது தானே தீப்பிடிக்கலாம். நாணயத்தில் செய்து பார்க்கவும் வேண்டாம். இன்றைய நம் காசுகள் பெரும்பாலும் எவர்சில்வர், அவற்றைச் சிதைப்பது 2011 நாணயச் சட்டப்படி குற்றமும்கூட.

பொன்னிறம் வந்ததும் கைதட்டலோடு நிறுத்திவிடாமல் சோதனைக்குப் போக வேண்டும். 50 கிராம் செம்புத் தகட்டை அளவுக் குழாயில் போட்டால் தண்ணீர் 5.6 மில்லி ஏறும். அதே எடைத் தங்கம் 2.6 மில்லிதான் ஏற்றும். பிறகு லாங் பஜார் பக்கத்திலிருந்து அனுபவமுள்ள ஒரு நகைப் பத்தரை அழைத்து உரைகல்லில் உரைக்கச் சொல்லுங்கள். நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு பட்டதும் பித்தளைக் கோடு கரைந்துபோகும், 22 காரட் கோடு நிற்கும். அமிலத்தை அவர் மட்டுமே தொட வேண்டும். இரிடியம் கலசம் என்று சொல்லி மக்களை ஏமாற்றுகிற நாட்டில், இந்த அரை மணி நேரம் மற்ற எல்லா நிகழ்ச்சியையும்விட அவசியம்.

வடித்தல் காட்சிக்கு ஓமத் தீநீர் (ஆவியாக்கிக் குளிரவைத்து எடுக்கும் ஓம நீர்) எடுங்கள். 200 கிராம் ஓமத்தை இடித்து இரண்டு லிட்டர் தண்ணீரில் இரவே ஊறவிட்டு, காலையில் வாலையில் (வடிகலத்தில்) ஏற்றுங்கள். பாதிக்கு மேல் நிரப்பினால் நுரைத்து மேலே வந்துவிடும். குளிர்நீர் குழாயின் கீழ்வாயில் நுழைந்து மேல்வாயில் வெளியேற வேண்டும். மாடித் தொட்டித் தண்ணீர் வெயிலில் கொதித்துக் கிடக்கும் ஊர் இது. ஐஸ் போட்ட வாளியும் சிறு பம்பும் இல்லாமல் இறங்கினால் ஆவி குளிராமல் மணமெல்லாம் அறைக்குள் போய்விடும். ஒரு லிட்டர் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். வற்றவிட்டால் கருகல் வாடை ஏறும்.

ராஜஸ்தானத்து ஜாவர் என்ற ஊரில் பழங்காலத்தில் துத்தநாகம் வடித்தெடுத்த முறையையும் விட்டுவிடக் கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகும்; அந்த ஆவியில் காற்று பட்டால் மறுபடி ஆக்சைடாகிவிடும். அதனால் கத்தரிக்காய் வடிவ மூசையில் குழாய் பொருத்தித் தலைகீழாக நிறுத்தி, ஆவியைக் கீழே இறக்கிக் குளிரவைத்தார்கள். ஓர் உலைக்கு 36 மூசை. கரிகிரி மண்பாண்டக் கலைஞர்களிடம் சொன்னால் அந்த மூசையின் மாதிரியைச் செய்து தருவார்கள். பக்கத்தில் ஓர் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயை வைத்துவிட்டால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வடிவத்தை விளக்கவே வேண்டாம்.

புடத்துக்குக் கிளிஞ்சல் போதும். 100 கிராம் முழுதாக வெந்தால் ஏறக்குறைய 56 கிராம்தான் மிஞ்சும், மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். கிளிஞ்சலை வைத்து மூடிய அகலின் மேல் சுற்றும் சீலைமண் (களிமண் தோய்த்த துணி) நன்றாகக் காயாவிட்டால் அகல் வெடிக்கும். வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டை முதலில் நீர்விட்டு நீற்றி ஆறவிட்டு, பிறகு ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நன்றாக நுரைத்தால் இன்னும் வேகவில்லை. சுண்ணாம்பு தெறித்தால் கண் போய்விடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாத யாரையும் மேசைப் பக்கம் விடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மிஞ்சிய மயில்துத்தக் கரைசலைச் சாக்கடையிலோ கோட்டை அகழியிலோ கொட்டாதீர்கள்; செம்பு மீனைக் கொல்லும். நீலம் முழுதும் போகும்வரை இரும்புத்தூளைப் போட்டு வைத்து, அடியில் தங்கும் செம்பை வடிகட்டிக் காயவைத்து எடுங்கள். ஜிங்க் கரைசலை அடுத்த நிகழ்ச்சிக்கு மூடி வைத்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்த பிறகு மிச்சத்தை, பெயர் எழுதி ஒட்டிய பாட்டிலில், கழிவை முறையாக அகற்றும் வசதியுள்ள கல்லூரி ஆய்வகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். வணக்கம்.