மான்ஸாவுக்கு விங்கைக் குறைக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் கார் பந்தயம் ஓட்டுகிற தம்பிகள் நம் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, மான்ஸாவுக்கு விங் எவ்வளவு வெக்கறதுங்ணா?" விங் என்பது காற்றை வாங்கிக் காரைச் சாலையோடு அழுத்துகிற தகடு; அதன் சாய்வைத்தான் கூட்டிக் குறைக்கிறோம். ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் வேறு காருக்கு மாறினால் அந்த எண் உதவாது. அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் எந்தக் காருக்கும் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

மான்ஸா இத்தாலியில், மிலான் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1922-ல் கட்டிய களம், இன்றைய நீளம் 5.793 கிலோமீட்டர். 2020-ல் அங்கே நடந்த தகுதிச் சுற்றில் ஃபார்முலா 1 வீரர் லூயிஸ் ஹாமில்டன் மணிக்கு 264 கிலோமீட்டருக்கு மேல் சராசரி வேகத்தில் ஒரு லேப் (களத்தை ஒரு முழுச் சுற்று) ஓட்டினார். வளைவுகளில் பிரேக் போட்ட நேரமும் சேர்ந்த சராசரி அது. நம் செட்டிபாளையத்தில், பந்தய வீரர் கரிவரதன் பெயரில் இருக்கிற கரி ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர்தான்; ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். அங்கே காரைச் சாலையோடு அழுத்திப் பிடிக்கிற பெரிய விங் வேண்டும். மான்ஸாவில் அதே விங் காரைப் பின்னால் இழுக்கும்.

ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து சூலூர் பக்கம், மேற்கே பார்த்து பைக் ஓட்டியவர்களுக்கு இது புரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும்போது எவ்வளவு திருகினாலும் வண்டி ஒரு வேகத்துக்கு மேல் ஏறாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. 200-ல் போகும் கார் 300-ஐத் தொட வேண்டுமானால் வேகம் ஒன்றரை மடங்கு, எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தியோ மூன்று மடங்கைத் தாண்டும். அதனால்தான் மான்ஸாவில் எல்லோரும் விங்கைக் குறைக்கிறார்கள்.

சரி, அப்படியானால் பூஜ்யத்துக்கே கொண்டுபோய்விடலாமே? அங்கேதான் பையன்கள் ஏமாறுகிறார்கள். திரையில் வேகம் 274 என்று தெரிந்தால் மனசு குளிர்ந்துவிடுகிறது. லேப் நேரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு கணக்கு சொல்கிறேன், கையில் பேனா இருந்தால் போட்டுப் பாருங்கள். நேர்பாதையின் கடைசி 300 மீட்டரை 270-ல் கடக்க 4 விநாடி ஆகும். 274-ல் கடந்தால் மிச்சமாவது ஏறத்தாழ 0.06 விநாடி. அதே 4 கிலோமீட்டர் வேகத்தை 180-ல் போகிற ஒரு நீண்ட வளைவில் இழக்கிறீர்கள் என்று வையுங்கள். வளைவின் 300 மீட்டரில் மட்டும் போவது 0.13 விநாடிக்கு மேல். மிச்சம் பிடித்ததைவிட இரண்டு மடங்கு கை விட்டுப் போகிறது.

அதோடும் முடியவில்லை. கடைசி வளைவான பாரபோலிகாவிலிருந்து வெளியே வருகிற வேகத்தோடுதான் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நேர்பாதை முழுவதும் போகிறீர்கள். பிடி இல்லாமல் ஆக்சிலேட்டரை மிதிக்கத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கான விலையை நேர்பாதையின் கடைசி வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். என் வழி இதுதான்: பாரபோலிகாவின் நடுவிலிருந்தே பயமில்லாமல் முழுதாக மிதிக்க முடிகிற வரை விங்கைக் குறையுங்கள். கால் தயங்க ஆரம்பித்தால் ஒரு படி மேலே ஏற்றுங்கள்.

பின் விங்கை மட்டும் குறைத்துவிட்டு முன்பக்கத்தை அப்படியே விடுகிறவர்களும் உண்டு. மெதுவான சிக்கேனில் (வேகத்தைக் குறைக்க வைக்கிற இடம்-வலம் நெளிவு) ஒன்றும் தெரியாது. அஸ்காரி என்கிற வேகமான நெளிவில் திருப்பும்போது பின்பக்கம் பிடி கழன்று சுற்றிவிடும். உடனே டயரைத் திட்டுவார்கள். பின்னால் அழுத்தம் குறைந்தால் முன்னாலும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் பின்பக்க உயரத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். தவறு டயருடையது இல்லைங்க.

உயரம் என்றதும் சஸ்பென்ஷனுக்கு வருவோம். மான்ஸாவில் எனக்கு மிகவும் பிடித்த தலைவலி இது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும், கார் தரையை நோக்கி இறங்கும். ரொம்பத் தாழ்த்தி வைத்தால் அடிப்பக்கம் சாலையில் உரசி, டயர் பிடி இழக்கும். அதைத் தடுக்க ஸ்பிரிங்கை இறுக்குவோம். ஆனால் லேப் நேரம் வேண்டுமானால் ரெட்டிஃபிலோ, ரோஜியா இரண்டு சிக்கேன்களிலும் ஓரத்துக் கெர்ப் (களத்தின் விளிம்பு மேடு) மேல் ஏறித்தான் போக வேண்டும். இறுகிய கார் அங்கே துள்ளும். துள்ளினால் ஆக்சிலேட்டரை மிதிக்கக் காத்திருக்க வேண்டும். நான் கெர்ப் பக்கம்தான் சாய்வேன். ஸ்பிரிங்கைச் சற்றுத் தளர்த்தி, காரை ஓரிரு மில்லிமீட்டர் உயர்த்திவிடுவேன். நேர்பாதையில் கொஞ்சம் போனாலும் சிக்கேனில் திரும்பி வந்துவிடும்.

கியரை மாற்ற முடிகிற விளையாட்டுகளில் பைனல் டிரைவை, அதாவது எல்லா கியருக்கும் பொதுவான கடைசிப் பல்சக்கர விகிதத்தை, பாருங்கள். நேர்பாதை முடிவதற்கு முன்பே எஞ்சின் லிமிட்டரில் (சுழற்சிக்கு வைத்த உச்ச வரம்பு) முட்டினால் விகிதம் குட்டை. கடைசி கியரில் ஆர்பிஎம் (எஞ்சின் சுழற்சி) ஏறாமல் இழுத்துக்கொண்டே போனால் நீளம். அடுத்தது பிரேக். விங் குறைந்த காருக்குப் பிடி முதலிலேயே கம்மி, வேகம் இறங்க இறங்க இன்னும் கம்மியாகும். எனவே முதலில் அழுத்தி மிதித்து, பிறகு காலைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். பிரேக் பயஸை (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடுகிற அளவு) ஒரு படி முன்னால் தள்ளினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுற்றுவது குறையும். டயர் பிரஷருக்கு ஒரு வார்த்தை போதும்: குளிர்ந்த டயரில் வைக்கிற எண்ணைப் பார்க்காதீர்கள், சில லேப் ஓடிச் சூடேறிய பிறகு காட்டுவதைப் பாருங்கள். அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிசியோனே என்கிற பந்தய விளையாட்டில் ஜிடி3 வகைப் பந்தயக் காருக்கு அது 26-27 பிஎஸ்ஐ.

இதையெல்லாம் ஒரே ராத்திரியில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே பெட்ரோல் அளவில் சில லேப் ஓட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். (இதைச் சொல்லி அம்மாவிடம் ராத்திரி ரெண்டு மணி வரை அனுமதி வாங்கினால் நான் பொறுப்பில்லை.)

அப்புறம், தனியாக ஓட்டி வைத்த செட்டப்பை அப்படியே பந்தயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் அவர் பின்னால் உங்கள் கார் கூடுதல் வேகம் பிடிக்கும். கடைசி கியரில் அதற்குக் கொஞ்சம் ஆர்பிஎம் மிச்சம் வையுங்கள். இல்லாவிட்டால் முந்துகிற நேரத்தில் லிமிட்டர் முட்டி, அவர் பின்னாலேயே நிற்பீர்கள். விங்கையும் ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். கூட்டத்துக்கு நடுவே வளைவில் பிடி குறையும், தேய்ந்த டயரோடு கடைசி லேப்களும் ஓட்டியாக வேண்டும். வணக்கம்.