ஒன்பதாம் வகுப்பின் முதல் சில மாதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்னும் சில நாளில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்த பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கோ மேல்நிலைப் பள்ளிக்கோ போகப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பாவிடம் பேசத்தான் வந்திருக்கிறேன். 22 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் கணக்கு எடுத்தவள் நான்.

பத்தாவது என்றால் வீடே விழித்துக்கொள்கிறது. கேபிளைத் துண்டிக்கிறார்கள், கல்யாணம் காட்சிக்குக்கூடப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒன்பதாவது என்றால், "பப்ளிக் பரீட்சை இல்லையே, இந்த வருசம் போகட்டும்" என்று ஒரு பேச்சு. நான் பார்த்தவரையில் பிள்ளை கைநழுவிப் போவது இந்த ஒன்பதாவதில்தான். நமக்குத் தெரியவரும்போது ஒரு வருசம் ஓடிவிட்டிருக்கும்.

கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கணமொழியில் தொடங்குகிறது, அதாவது பொருள்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பார்க்கும் பாடம். பத்தாவதின் முதல் பாடம் உறவுகளும் சார்புகளும். கணம் என்றால் என்னவென்று ஜூன் மாதத்தில் புரியாத பிள்ளை, மறு ஜூனில் சார்பு நடத்தும்போது கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முக்கோணவியலும் அப்படித்தான், ஒன்பதாவதில் கால் ஊன்றாமல் பத்தாவதில் ஏற முடியாது. அதனால், "ஒன்பதாவது பாடத்தை விட்டுவிட்டு நேரே பத்தாவது பாடத்தை நடத்துகிறோம்" என்று எந்தப் பள்ளியாவது பெருமையாகச் சொன்னால், பெற்றோர் நீங்கள் சந்தோஷப்படாதீர்கள்.

ஆனால் பாடத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. ஊர்ப் பள்ளியில் அவனை எல்லா டீச்சருக்கும் தெரியும். அவன் அம்மா யார், தங்கை எந்த வகுப்பு, நேற்று ஏன் வரவில்லை, எல்லாம் தெரியும். புதுப் பள்ளியில் அறுபது பேரில் ஒருவனாக உட்காருகிறான். மணி அடித்தால் ஒரு ஆசிரியர் போகிறார், இன்னொருவர் வருகிறார். பெயர் தெரியவே ஒரு மாதம் ஆகும். எட்டாவதில் வகுப்புத் தலைவனாக இருந்த பிள்ளை இங்கே கடைசி பெஞ்சில் யாரோடும் பேசாமல் இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஊரிலிருந்து காலை 7.40 பஸ்ஸில் வருவான். ஜூன் மாதம் மூன்றாவது வாரம், ஆங்கில வகுப்பில் ஒரு பத்தியை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரியிலேயே நின்றுவிட்டான். பின்னாலிருந்து சிரிப்பு. மறுநாள் முதல் வரவில்லை. வீட்டில் தினமும் சீருடை போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். பள்ளிக்கூட நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கிவிடுவான். கண்மாய்க் கரையில் ஒரு புளியமரம், அதன் அடியில் சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கிறான். பதினொரு நாள்.

அந்தப் பதினொரு நாளும் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே நான்தான் ஆப்சென்ட் போட்டேன். வீட்டுக்குச் சொல்லலாம் என்று பார்த்தால், சேர்க்கை விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது மாமாவுடைய நம்பர், அது எப்போதோ செத்துப்போன நம்பர். அதோடு விட்டுவிட்டேன். அவன் ஊர்ப் பெண் ஒருத்தி மூலம் இரண்டாம் நாளே சொல்லி அனுப்பியிருக்கலாம். பதினோராம் நாள்தான் செய்தேன். இன்றைக்கும் எனக்கு அது மனதில் கிடக்கிறது.

அம்மா வந்தார். நூறு நாள் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், காலெல்லாம் மண். ஆசிரியர் அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "எப்பவும் சத்துணவு சாப்பிடுற புள்ள, பத்து நாளா டப்பா கட்டிக் குடுன்னு கேட்டான் டீச்சர். அன்னைக்கே நான் ஏன்னு கேட்டிருக்கணும்."

இதைத்தான் நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறேன். பிள்ளை வாய் திறந்து "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்ல மாட்டான். பதினாலு வயதில் அது வராது. வழக்கம் மாறும். டப்பா கேட்பான். பள்ளியில் தண்ணீரே குடிக்காமல் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வயிறு வலிக்கும். கூடவே போகும் பிள்ளையை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் போவாள். மார்க் குறைவதற்கு ரொம்ப முன்னாலேயே இவையெல்லாம் வந்துவிடும். படித்த தாய் தகப்பனாக இருந்தால்தான் கண்ணில் படும் என்றில்லை.

தண்ணீர் பாட்டில் என்றேன். பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கழிப்பறை சரியில்லை என்று காலையிலிருந்து வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் லீவு போட்டுவிடுகிறார்கள், மாதம் மூன்று நாள். அவளிடம் ஒளிவு மறைவில்லாமல் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தண்ணீர் வரவில்லை, தாழ்ப்பாள் இல்லை என்பதைப் பேச வேண்டிய இடம் அதுதான். உங்களுக்கு அங்கே பேச உரிமை உண்டு.

அந்த அம்மாவிடம் திரும்ப வருகிறேன். "நான் பள்ளிக்கூடப் படி மிதிச்சதில்ல, இவனுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்றார். ராத்திரி சமைக்கும்போது அடுப்புப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கட்டும், தப்பா சரியா என்று பார்க்க வேண்டாம், விளங்கவில்லை என்றால் மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள் என்றேன். செய்தார். இங்கே நாங்கள் காலைப் பிரார்த்தனைக்கு முன்னால் கால் மணி நேரம் ஆங்கில எழுத்துக்கூட்டல். அரையாண்டில் அவன் ஆங்கிலத்தில் 35 எடுக்கவில்லை. ஆனால் அதற்குள் வகுப்பில் எழுந்து நின்று, தடுமாறித் தடுமாறி, ஒரு பத்தியை முடித்தான். ஒருநாள் அந்த அம்மா பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, "அது என்ன டீச்சர் கணமொழி? கேட்டா டம்ளரையும் கரண்டியையும் பிரிச்சுப் பிரிச்சு வச்சுக் காட்டுறான்" என்றார்.

எட்டாவது வரை ஃபெயில் கிடையாது என்பதால், வாசிக்கத் திணறும் பிள்ளையும் ஒன்பதாவதுக்கு வந்துவிடுகிறது. அது பிள்ளையின் குற்றமில்லை. கட்டாயக் கல்விச் சட்டமும் 6 முதல் 14 வயது வரைதான் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறது. சட்டம் கையை விடும் அந்த வயதில் வீடும் விட்டுவிட்டால், பட்டறைக்கும் பனியன் கம்பெனிக்கும் கூப்பிட ஆள் தயாராக இருக்கிறது. பெண் என்றால் மாப்பிள்ளைப் பேச்சு.

இனி, கைக்காரியமாகச் சில விஷயங்கள். பள்ளியில் கொடுக்கும் போன் நம்பர் உங்கள் கையில் இருக்கும் நம்பராக இருக்கட்டும், மாறினால் மறுநாளே சொல்லுங்கள். சத்துணவோடு வந்த இலவசச் சீருடை எட்டாவதோடு நின்றுவிடும், அந்தச் செலவை இப்போதே எண்ணி வையுங்கள். சாப்பாடு பத்தாவது வரை உண்டு, பஸ் பாஸும் உண்டு. டி.சி.யில் உள்ள பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்போகிறதா என்று யாரையாவது வைத்துச் சரிபாருங்கள். பத்தாவது மார்க் ஷீட்டில் ஏறிவிட்டால் அப்புறம் அலைச்சல்தான். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேர்வான பிள்ளைக்கு 12-ஆம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் வரும், ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்காதீர்கள். கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகள் ஒன்பதாவதில் எழுதும் ஊரகத் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது, வகுப்பாசிரியரைக் கேளுங்கள்.

இன்னொன்று. "ஒன்பதாவதிலிருந்து தனியார் பள்ளியில் போட்டுவிடலாமா" என்று பலர் கேட்கிறார்கள். கடன் வாங்கியாவது சேர்க்கிறார்கள். முடிவு உங்களுடையது, ஆனால் தெரிந்து எடுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்று பார்க்கின்றன. நடுவில் பள்ளியை மாற்றும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

"காலையில் எழுப்ப முடியவில்லை, சோம்பேறி" என்று திட்டாதீர்கள். இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே உடம்பில் கொஞ்சம் பின்தள்ளிப் போகிறது. அவர்களுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் எல்லார் போனும் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். எல்லார் போனும் என்றால் அப்பா போனும்தான்.

ஜூலை முடிவதற்குள் ஒருமுறை பள்ளிக்கூடத்துக்குப் போய்வாருங்கள். கூப்பிட்டால்தான் போவது என்று வைத்துக்கொண்டால், கூப்பிடும் நாள் நல்ல நாளாக இருக்காது. வகுப்பாசிரியரிடம் நிறையப் பேச வேண்டாம். "நான்தான் இன்னாருடைய அம்மா" என்று முகத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும். அறுபது பேரில் அந்தப் பிள்ளையின் முகம் அன்றிலிருந்து எங்களுக்குத் தனியாகத் தெரியும்.

பேனாவோ பென்சிலோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நம்பர் சொல்கிறேன். படிப்பு, பள்ளி சம்பந்தமான சந்தேகத்துக்கும் புகாருக்கும் 14417. பிள்ளைக்கு யாராலாவது தொந்தரவு, அல்லது படிப்பை நிறுத்தி வேலைக்கோ கல்யாணத்துக்கோ தள்ளுகிறார்கள் என்றால் 1098. இன்னொரு முறை சொல்கிறேன். ஒன்று நான்கு நான்கு ஒன்று ஏழு. ஒன்று பூஜ்யம் ஒன்பது எட்டு. பிள்ளையின் நோட்டு அட்டையில் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

வணக்கம்.