கல்தச்சர் கேட்பதைக் கவிஞரும் கேட்கட்டும்

(வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் நம் தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, மேடையைச் சிறப்பிக்கும், வேல்ஸ் நாடாளுமன்றமான செனெத்தின் உறுப்பினர் அவர்களே, சனிக்கிழமைதோறும் நமக்காக அறையைத் திறந்துவிடும் நூலகர் அம்மா அவர்களே, இரவுப் பணி முடிந்து வந்தும் நம் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லித்தரும் தலைமை ஆசிரியரான டாக்டர் அம்மா அவர்களே, பொருளாளர் அண்ணன் அவர்களே, அடுப்படியில் இன்னும் பானையை விட்டு நகராத தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். செனெத் உறுப்பினர் விடிந்தால் வடக்கே போக வேண்டியவர். ஆனாலும் குழந்தைகளின் கும்மியை முழுக்க உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு ஒரு தனிக் கைத்தட்டல் கொடுங்கள்.

'வேல்ஸில் ஒரு கவிஞரின் பிழைப்பு' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். கவிஞர் செய்யும் வேலை, அவர் போகும் பாதை, பிபிசியின் வேல்ஸ் மொழி வானொலியில் 1979 முதல் நடந்துவரும் கவிதைப் போட்டி. எங்கள் அப்பத்தா சொல்லும்: "உழுகிறவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாது." அந்தக் கணக்கைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

இந்த நாட்டில் ஊர்க்கவிஞர் என்று ஒருவர் நெடுங்காலமாக உண்டு. கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு எதுவானாலும் அவர் பாட்டு எழுதித் தருவார். அந்தக் காலத்தில் அவர் விவசாயியாகவோ ஆடு மேய்ப்பவராகவோ இருப்பார். பாட்டுக்குக் காசு வாங்கமாட்டார், சோறு போட நிலம் இருந்தது. இப்போது இதே வேலையைச் செய்பவர்களில் பலருக்கு நிலமும் கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பாட்டுக் கட்டுவார்கள். மறுநாள் முதியோர் இல்லத்தில், பேர்கூட மறந்துபோன பெரியவர்களிடம் பழைய பாட்டின் ஓரடியைச் சொல்லி அடுத்த அடியை வாங்குவார்கள். இந்த மாசம் 31ஆம் தேதிக்குள் வருமான வரிக் கணக்கையும் அவர்களேதான் போட வேண்டும்.

கல்லறைக்கு எங்லின் எழுதித் தரச் சொல்லியும் வருவார்கள். எங்லின் என்பது நான்கடிப் பாட்டு. அசைகள் 10, 6, 7, 7, ஆக மொத்தம் முப்பது. நாலு அடிக்கும் ஒரே இயைபு. அதுபோக, ஒவ்வோர் அடிக்குள்ளும் மெய்யெழுத்துகள் வரிசை மாறாமல் திரும்பி வர வேண்டும். நம் மோனை எதுகையைவிடக் கெடுபிடி. கவிஞர் அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, இறந்தவர் எந்த வயலில் கடைசியாக ஏர் ஓட்டினார், நாய்க்கு என்ன பேர் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு போவார். அப்புறம் நாள்கணக்கில் அந்த முப்பது அசைக்குள் அந்த மனிதரை உட்கார வைக்கப் பாடுபடுவார். கல்லில் வெட்டும் கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்வார். யாரும் முகம் சுளிப்பதில்லை. கவிஞர் விலை சொன்னால் மட்டும் "பாட்டுக்கா?" என்கிறார்கள்!

ஹெத் வின் கதை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ட்ராஸ்வனித் என்ற மலையூரில் ஆடு மேய்த்தவர். இயற்பெயர் எல்லிஸ் ஹம்ப்ரி எவன்ஸ். ஊர்ப் பையன்கள் முதல் உலகப் போரில் மாண்டபோது அவர்களுக்கு இரங்கல் பா எழுதியவர் அவர்தான். வேல்ஸின் பெரிய கவிதைத் திருவிழா ஐஸ்டெத்வோட். அதில் மரபுக்கவிதைக்குப் பரிசு ஒரு நாற்காலி. 1916இல் அவருக்கு இரண்டாம் இடம். அடுத்த வருடம் முதலிடம் பிடித்தே தீருவது என்று எழுத ஆரம்பித்தார். அதற்குள் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். தம்பி போகக் கூடாதென்று இவரே போனார். பிரான்சில், படையோடு இருந்தபடியே, பாட்டை முடித்து அனுப்பினார். 1917 ஜூலை 31, பாஷன்டேல் சண்டையின் முதல் நாள். அன்றைக்கே விழுந்துவிட்டார்.

விழா செப்டம்பரில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பர்க்கன்ஹெட்டில் நடந்தது. பிரதமர் லாயிட் ஜார்ஜே வந்திருக்கிறார். புனைபெயரில்தான் போட்டி, ஜெயித்தவர் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து நிற்க வேண்டும். எக்காளம் ஊதி, தலைமைப் புலவர் புனைபெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டார். அப்புறம்தான் செய்தியைச் சொன்னார்கள். நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். அது ரயிலேறி அவருடைய பண்ணை வீட்டுக்குப் போனது. வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்தே வைப்பதாகப் பாட்டியிடம் கொடுத்த வாக்கை, அவர் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் முதுமைவரை காப்பாற்றினார். இன்றைக்கும் ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். நாமும் போவோம், போக வேண்டியதுதான். ஆனால் செத்தவர் நாற்காலியைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கும் நாம், உயிரோடு வந்து வாசலில் நிற்பவருக்கு என்ன கொடுக்கிறோம்?

எனக்குத் தெரிந்த கவிஞர் ஒருவரை ஒரு பள்ளிக்கு அழைத்தார்கள். பள்ளி வடகோடியில் இருக்கிறது. ஏ470 சாலை இங்கிருந்து லாண்டட்னோ வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பாதிக்கு மேல் மலைப்பாதை, ஒரு டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் போச்சு. ரயிலில் போனால் இங்கிலாந்துக்குள் ஷ்ரூஸ்பரி வழியாகச் சுற்ற வேண்டும். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு நாள் போய்விட்டது. திரும்பும்போது கையில் கொடுத்தது ஒரு காபிக் குவளை. உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்காவது மிஞ்ச வேண்டாமா?

விரிகுடா ஓரத்து மில்லெனியம் சென்டர் கலையரங்கத்தின் முன்னால் போட்டோ எடுக்காத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் உண்டா? அந்த நெற்றியில் இருக்கும் பெரிய எழுத்துகள், ஜன்னலாகவே வெட்டிய எழுத்துகள், க்வினெத் லூயிஸ் என்ற கவிஞர் எழுதியவை. கட்டடத்துக்குச் செலவுக் கணக்கு எழுதும்போது கவிதைக்கும் ஒரு வரி இருந்தால்தானே அது நடக்கும்? அதைத்தான் நானும் கேட்கிறேன். வானொலிப் போட்டியைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொருளாளர் அண்ணே, அடுத்த வருட வரவுசெலவில் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் 'கவிஞர் கட்டணம், பயணச் செலவு' என்று முதல் வரி எழுதுங்கள். லிட்டரேச்சர் வேல்ஸ் அமைப்பிடம் விண்ணப்பித்தால் கட்டணத்தில் பாதிவரை உதவி கிடைக்க வழியுண்டு, விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன். செனெத் உறுப்பினர் ஐயா அவர்கள், அழைக்கும் பள்ளிகள் தொகையை அழைப்புக் கடிதத்திலேயே எழுத வேண்டும் என்று சபையில் பேச வேண்டும். கோரிக்கைத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகும் முன் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.